எந்த மருந்து என்று கேட்ட தம்பிக்கு: அப்பத்தாவின் படுக்கைப் புண்

தம்பி, நீங்கள் கேட்டது ரெண்டே வரி. "அப்பத்தாவுக்கு 81 வயது, வால் எலும்பு மேல் படுக்கைப் புண். ஆஸ்பத்திரியில் தினமும் கட்டு மாற்றியும் ஆறவில்லை. எந்த மருந்து போட்டால் சீக்கிரம் ஆறும், தேன் போடலாமா?" ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் விவரம்தான் என்னை நிறுத்தி வைத்தது. அப்பத்தா ராத்திரி வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்துப் பக்கம், வழுக்கி விழுந்தவர், காலையில் வீட்டு வேலைக்கு வரும் அம்மா கதவைத் தட்டும்வரை ஆத்தங்குடிக் கல் தரையிலேயே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு, மூன்றாம் நாள் ஆபரேஷன், இன்றோடு 16 நாள். புண்ணின் நடுவே கறுப்பு, சுற்றி மஞ்சள். நீங்கள் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறீர்கள், இரண்டு வாரத்தில் திரும்ப வேண்டும். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொல்கிறார்கள். இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் கேள்வி மூன்றாகிறது: இந்தப் புண் ஆறுமா, வீட்டில் அம்மாவும் வேலைக்கார அம்மாவும் சமாளிப்பார்களா, இது யார் செய்த தப்பு. மூன்றுக்கும் சொல்கிறேன். மருந்தின் பெயர் கொஞ்சம் தள்ளித்தான் வரும்.

முதலில் என்னைப் பற்றி. நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனையில் எலும்பு வார்டு, சர்ஜரி வார்டு என்று 31 வருஷம் நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகு காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றுகிறேன். படுக்கைப் புண்ணை நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதுதான் என் தகுதி. நீங்கள் போட்டிருக்கும் படத்தை வைத்துப் புண்ணின் ஆழம் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. காரணம் அந்தக் கறுப்பு. அது செத்த தோல். அது மூடியிருக்கும்வரை அடியில் கொழுப்போடு நிற்கிறதா, எலும்புவரை போய்விட்டதா என்று தெரியாது. மருத்துவத்தில் இதை நிலை சொல்ல முடியாத புண் என்றே எழுதுவார்கள். மற்றவற்றை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள்: தோல் கிழியாமல் நிறம் மட்டும் மாறி, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் ஒன்று, மேல்தோல் உரிந்தால் இரண்டு, கொழுப்பு தெரிந்தால் மூன்று, தசை, எலும்பு தெரிந்தால் நான்கு. நம் நிறத்துத் தோலில் அந்த முதல் நிலைச் சிவப்பு கண்ணுக்கே படாது. சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ கைக்குப் படும். பாடப் புத்தகத்துச் சிவப்பைத் தேடி ஏமாந்த நர்ஸ்களில் நானும் ஒருத்தி.

இந்தப் புண் உண்டாகும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் தெரிந்த மாதிரி. மேலே உடம்பின் பாரம், கீழே கெட்டியான தரை அல்லது மெத்தை, நடுவில் எலும்புக்கும் தோலுக்கும் இடையே சிக்கிய சதை. அங்கே ரத்தம் ஓடாது. சில மணி நேரத்தில் சதை சாக ஆரம்பிக்கும். எலும்பை ஒட்டிய தசைதான் முதலில் சாகும். தோல் கடைசிவரை தாங்கிப் பார்க்கும். அதனால்தான் வெளியே எட்டணா அளவு தெரிகிற புண், உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் போயிருக்கும். கறையான் புற்று மாதிரி, வாய் சின்னது, பொந்து பெரிது. இன்னொரு காரணம் இழுபடுவது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்தால் நோயாளி மெல்லச் சறுக்குவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் கீழே நகரும். நடுவில் ரத்தக் குழாய்கள் முறுகிப் போகும். வியர்வை, சிறுநீர், மலம் எல்லாம் தோலை ஊறவைத்து இந்த வேலையைச் சுலபமாக்கும்.

யார் தப்பு என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. உள்ளே சதை செத்தாலும் அது தோலில் ஊதா நிறமாகவோ கொப்புளமாகவோ தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். நீங்கள் புண்ணை முதலில் கவனித்தது ஆபரேஷனுக்கு மறுநாள். அப்படியானால் அது அந்தக் கல் தரையில் தொடங்கியிருக்கலாம், காரில் கொண்டுபோனபோது, அவசரப் பிரிவு ஸ்ட்ரெச்சரில், அல்லது ஆபரேஷனுக்கு முன்பு வார்டு கட்டிலில் தொடங்கியிருக்கலாம். பெரும்பாலும் எல்லாம் சேர்ந்துதான். இடுப்பு முறிந்தவருக்குத் திரும்பவே முடியாது. வலிக்குப் பயந்து அசையவும் மாட்டார். 1859-ல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், படுக்கைப் புண் வந்தால் அது பொதுவாக நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்று எழுதினார். அதே நூற்றாண்டில் பாரிஸில் சார்க்கோ என்ற நரம்பு மருத்துவர், இது நரம்பு கெடுவதால் வருவது, தடுக்க முடியாது என்றார். சார்க்கோ சொன்னது நிற்கவில்லை. நைட்டிங்கேல் பக்கம்தான் நான். ஆனாலும் நைட் டூட்டியில் ஒரு நர்ஸ் நாற்பது பேரைப் பார்த்த வார்டுகளில் நான் நின்றிருக்கிறேன். அங்கே நடந்த குற்றத்துக்கு அந்த நர்ஸ் மட்டும் பொறுப்பில்லை. நீங்கள் அங்கே சண்டைக்குப் போவதைவிட ஒரு காகிதத்தைக் கேளுங்கள்: சேர்த்த அன்று தோலைப் பார்த்து எழுதினார்களா, பிரேடன் மதிப்பெண் போட்டார்களா. படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்க 1987-ல் வந்த அளவுகோல் அது, 6 முதல் 23 வரை. 18-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினாலே ஆபத்து. எழுதியிருந்தால் உங்களுக்குப் பதில் கிடைக்கும். எழுதாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

இப்போது நான் செய்த தப்பு. நான் படித்த காலத்தில் முதுகுப் பராமரிப்பு என்றால் ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் தேய்த்து, பவுடர் போடுவது. சிவந்த இடத்தை இன்னும் அழுத்தித் தேய்க்கச் சொல்வார்கள், ரத்த ஓட்டம் வரும் என்று. பத்து வருஷத்துக்கு மேல் அப்படித் தேய்த்திருக்கிறேன். ஏற்கெனவே அடிபட்ட சதையைத் தேய்த்தால் இன்னும் கிழியும். இப்போது யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை, ஆனால் வீடுகளில் இன்னும் நடக்கிறது. புண்ணுக்கு நேரே நூறு வாட் பல்பு எரியவிட்டோம். முட்டை வெள்ளைக்கருவைத் தடவி ஆக்ஸிஜன் குழாயைக் காட்டினோம். குதிகாலுக்குக் கீழே கையுறையில் தண்ணீர் நிரப்பிக் கட்டி வைத்தோம். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்காரவைத்தோம். அந்த வளையம் ஓட்டையைச் சுற்றியிருக்கும் சதையை நெரித்து, நடுவிலிருக்கும் இடத்துக்கு ரத்தம் போகாமல் செய்தது. இதில் எதுவும் வேண்டாம். காரைக்குடி மருந்துக் கடையில் அந்த வளையம் இன்னும் தொங்குகிறது. யாராவது அன்போடு வாங்கி வருவார்கள், வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள்.

எங்கள் யூனிட் சர்ஜன் ரவுண்ட்ஸில் ஒன்று சொல்வார். அவர் சொந்தச் சரக்கல்ல, அந்தத் துறையில் பழைய பேச்சு. "இந்தப் புண் மேல எத வேணும்னாலும் வைங்க சிஸ்டர், பேஷண்ட மட்டும் வைக்காதீங்க." சிரித்துவிட்டுப் போவோம். ஆனால் எனக்குத் தெரிந்து உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே வைத்தியம் இதுதான். உங்கள் அப்பத்தா அந்தப் புண் மேல் படுத்திருக்கும்வரை உலகத்தில் எந்தக் களிம்பும் ஆற்றாது. படுக்காவிட்டால் சாதாரணக் காஸ் துணிகூடப் பாதி வேலை செய்யும்.

அதற்கு வழி, மல்லாக்கப் படுப்பதையே நிறுத்துவது. இடது, வலது, இடது, வலது. நேர் ஒருக்களித்து அல்ல; அப்படிப் படுத்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் புதுப் புண் வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் சாய்வாகச் சொருகி, முப்பது டிகிரி சாய்ந்தாற்போல். சரியாகச் செய்தால் உங்கள் உள்ளங்கை வால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தாராளமாகப் போய்வரும். அதுதான் பரிசோதனை. ஆபரேஷன் ஆன பக்கம் எப்போதிலிருந்து சாயலாம், கால்களுக்கு நடுவே தலையணை எவ்வளவு நாள் வேண்டும் என்று எலும்பு டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இடுப்பு மூட்டின் பந்துக் கிண்ணத்தை மாற்றியிருக்கிறார்களா, ராடு, ஸ்க்ரூ போட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்து அது மாறும். பொதுவாக நான் சொல்லக்கூடாது. குதிகால்களை மறந்துவிடாதீர்கள். கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாக்கில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும். வால் எலும்பிலேயே எல்லாரும் கண்ணாக இருக்கும்போது இரண்டாவது புண் குதிகாலில் சத்தமில்லாமல் வந்துவிடும்.

எத்தனை மணிக்கொரு முறை? எல்லாரும் சொல்வது இரண்டு மணி. 2013-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணிக்கொரு முறை திருப்பிப் பார்த்தார்கள். புதுப் புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் புண் இல்லாதவர்கள். ஏற்கெனவே புண் உள்ள உங்கள் அப்பத்தாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என் யோசனை: பகலில் இரண்டு மணி. இரவில் பதினொன்று, இரண்டு, ஐந்து. உங்கள் அம்மாவுக்கும் 60 ஆகப்போகிறது என்கிறீர்கள். இரவில் இரண்டு மணிக்கொரு முறை எழுந்தால் பத்தாம் நாள் அவர் படுத்துவிடுவார், பிறகு இரண்டு பேருக்கும் கட்டில் வேண்டும். இதற்கு ஆய்வெல்லாம் இல்லை, கண்ணால் கண்டது.

திருப்பும்போது இழுக்காதீர்கள். பழைய கண்டாங்கிச் சேலை வீட்டில் இருக்குமே, கெட்டி நூல், நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆனது. அதை நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை வருமாறு அடியில் போட்டு வையுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒன்றாகத் தூக்கி நகர்த்துங்கள். ஆஸ்பத்திரியில் டிரா ஷீட் என்று இதைத்தான் சொல்வோம். எங்கள் வார்டு டிரா ஷீட்டைவிட உங்கள் அப்பத்தாவின் சேலை நல்லது. மடிப்பு, தையல், கரைப் பக்கம் புண்ணுக்கு நேரே வராமல் பாருங்கள்.

ஏர் பெட் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் அது திருப்புவதற்குப் பதில் அல்ல. கட்டில் மெத்தை மேல் விரித்து, அதன் மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்பு. ரப்பர் ஷீட், பழைய போர்வை, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கினால் காற்று அறைகள் ஏறி இறங்குவது அவர் உடம்பைத் தொடவே தொடாது. சித்திரை வெயிலில் ரப்பர் ஷீட் வியர்வையையும் தேக்கும். படுத்த பிறகு ஏர் பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேரே கையை நீட்டிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை. ஒரு அங்குலமாவது காற்று நடுவில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் பம்பு நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம். எங்கள் பக்கத்து வீடுகளில் பரம்பரையாக இருக்கும், ஆனால் கட்டி தட்டிப்போன பஞ்சு கல்லுக்குச் சமம். தலைப்பக்கத்தைச் சாப்பாட்டு நேரத்துக்கு உயர்த்துங்கள், சாப்பிட்டு அரைமணி ஒருமணி கழித்து முப்பது டிகிரிக்குக் கீழே இறக்கிவிடுங்கள். நாற்காலியில் உட்காரவைக்கச் சொல்லியிருப்பார்கள். செய்யுங்கள், நடக்கவைப்பதுதான் கடைசி மருந்து. ஆனால் புண் இருக்கும்போது ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு மூன்று தடவை போதும்.

இனி நீங்கள் காத்திருக்கும் மருந்து. அந்தக் கறுப்பு அடையை, அதாவது செத்த தோலை, எடுக்காமல் புண் ஆறாது. வால் எலும்பு மேல் கறுப்பு அடை மஞ்சள் சளியோடு இளகி நின்றால் சர்ஜன் அதை வெட்டி எடுப்பார், அல்லது ஜெல் வைத்து ஊறவைத்து, பப்பாளிப் பாலில் இருந்து எடுக்கும் பப்பைன் களிம்பு மாதிரி ஒன்றைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பார்கள். எடுத்த பிறகு புண் பெரிதாகிவிட்டது என்று வீட்டில் அழுவார்கள். பெரிதாகவில்லை, மூடியிருந்தது தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் நாளைக்கு நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி "என்ன மருந்து?" அல்ல, "இந்தக் கறுப்பை எப்போது, யார் எடுப்பார்கள்?" ஒரு விலக்கு: குதிகாலில் காய்ந்து, கெட்டியாக, சுற்றிலும் சிவப்போ சீழோ இல்லாமல் கறுப்பு அடை இருந்தால் அதைத் தொடக்கூடாது. அதுவே கட்டு.

சுத்தம் செய்ய நார்மல் சலைன் போதும். நூறு மில்லி பாட்டிலாக வாங்குங்கள். உடைத்ததை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், பொங்குவதைப் பார்க்கத்தான் நன்றாக இருக்கும். அது புதுச் சதையையும் சேர்த்துச் சுடும். அயோடின் கரைசலைச் சீழ் உள்ள புண்ணில் சில நாள் டாக்டர் போடச் சொல்வார், சரி. சிவந்து, ஈரமாக, பொடிப் பொடியாகச் சதை வளரத் தொடங்கிய பிறகு தேவையில்லை. புண் காய வேண்டும் என்று பவுடர் தூவி ஃபேன் காற்றில் திறந்துவைப்பது நம் ஊர்ப் பழக்கம். ஜார்ஜ் வின்டர் 1962-லேயே பன்றித் தோலில் செய்து காட்டிவிட்டார், ஈரப்பதத்தோடு மூடிய காயம்தான் விரைவாகத் தோல் மூடும். அப்படி மூடத்தான் ஃபோம், ஆல்ஜினேட், ஹைட்ரோகொலாய்டு என்று விதவிதமான டிரஸ்ஸிங். இதில் எது சிறந்தது என்று கேட்டால், உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களே ஒன்று மற்றதைவிட மேல் என்று உறுதியாகச் சொல்லவில்லை. என் அனுபவத்தில் நீர் அதிகம் வடிந்தால் ஃபோம் வசதி. தினமும் கழற்றிக் குத்தாமல் இரண்டு மூன்று நாள் விடலாம், அப்பத்தாவுக்கும் நிம்மதி, செலவும் கடைசியில் ஏறக்குறைய அதேதான். காஸ் துணிதான் கிடைக்கும் என்றால் சலைனில் நனைத்துப் பிழிந்து, உள்பொந்தைத் தளர்வாக நிரப்பி, மேலே உலர்ந்த பேட் வையுங்கள். அழுத்தித் திணித்தால் அதுவே உள்ளிருந்து ஒரு பாரம். கழற்றும்போது ஒட்டியிருந்தால் சலைன் ஊற்றிக் கொஞ்சம் பொறுங்கள். கட்டு மாற்றும் அரைமணி முன்னால் பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவர்கள் கத்தமாட்டார்கள், விரலை மட்டும் இறுக்கிக்கொள்வார்கள்.

தேன்: மருத்துவத்துக்கென்று கதிர்வீச்சால் கிருமி நீக்கிய தேன் இருக்கிறது, சில புண்ணில் உதவுகிறது, படுக்கைப் புண்ணில் அது மற்ற டிரஸ்ஸிங்கைவிட மேல் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. கடையில் வாங்கும் தேனில் கிருமிவித்துகள் இருக்கக்கூடும், அந்தப் பொந்துக்குள் ஊற்றாதீர்கள். மஞ்சள், வேப்பெண்ணெய் இரண்டுக்கும் அதே பதில். குறிப்பாக மஞ்சள் போட்டால் எது சீழ், எது மஞ்சள் என்று அடுத்து பார்ப்பவருக்குத் தெரியாது. வெற்றிட டிரஸ்ஸிங், வி.ஏ.சி. என்பார்கள், பஞ்சு வைத்து மூடி மெஷினால் உறிஞ்சுவது. ஆழமான புண்ணில் அடை எல்லாம் எடுத்துச் சுத்தமான பிறகுதான் அதற்கு இடம். கறுப்பு இருக்கும்போது போட்டுப் பில் நீட்டினால் காரணம் கேளுங்கள்.

புண்ணைத் தொட்டு எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, கிருமி வந்தது என்று ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றி ஏற்றுவதைப் பார்க்கிறேன். திறந்த புண் எல்லாவற்றிலும் கிருமி வளரும். அது கிருமித் தொற்று ஆகிவிடாது. ஊசி மருந்து வேண்டிய அறிகுறிகள் வேறு: புண்ணைச் சுற்றிச் சிவப்போ வீக்கமோ பரவுவது, திடீரென்று நாற்றம், புதிதாகச் சீழ், காய்ச்சல், நடுக்கம். 80 வயதில் காய்ச்சலே வராமலும் போகலாம். நேற்றுவரை பேரன் பெயர் சொன்னவர் இன்று குழம்பிப் பேசுகிறார், சாப்பாட்டை ஒதுக்குகிறார், தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், டிரஸ்ஸிங் நாள்வரை பொறுக்கக்கூடாது. எலும்பு கண்ணுக்குத் தெரிந்தாலோ, கருவிக்குத் தட்டுப்பட்டாலோ எலும்பில் தொற்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாரும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் இட்லி, ரசம் சாதம், கஞ்சி, பிஸ்கட். அதில் சதை வளர எதுவும் இல்லை. இப்படிப் புண் உள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம், 30 முதல் 35 கலோரி என்பது கணக்கு. அப்பத்தா 45 கிலோ என்று வைத்தால் தினம் 56 முதல் 68 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். ஆகவே இரண்டு முட்டை, கெட்டியாக வெந்த பருப்பு, பால், தயிர், மதியம் முள் எடுத்த மீனோ நன்றாக வெந்த கோழியோ, எல்லாம் சேர்ந்தால்தான் எட்டும். அசைவம் விட்டுவிட்டார் என்றால் பன்னீர், சுண்டல் மசித்தது, உளுந்தங்களி. ஆடிக்கும்மாயம் அவருக்குப் பிடிக்குமே, உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் நெய்யும் உள்ளது, மெல்ல வேண்டாம், தொண்டையில் வழுக்கிப் போகும். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கருப்பட்டிக் கணக்கைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தப் புரதக் கணக்கே மாறும், டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவு என்று புரத மாவு டப்பா எழுதித் தருவார்கள். அல்புமின் தொற்று இருந்தாலே இறங்கும், சாப்பாட்டுக்கு அது நல்ல அளவுகோல் இல்லை. எடையும், தட்டில் மிச்சமும்தான் அளவுகோல். டப்பா மாவு கெடுதல் இல்லை, வாய்க்குப் பிடித்தால் கொடுங்கள். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

டயப்பர் நனைந்தால் காலைவரை விடக்கூடாது. துடைத்து, ஒற்றி எடுத்து, சுற்றுத் தோலில் ஜிங்க் ஆக்சைடு களிம்போ வாசலினோ மெல்லியதாக. கட்டு நனைந்தால் அப்போதே மாற்ற வேண்டும், நாளைக்கு நர்ஸ் வரட்டும் என்று இருக்கக்கூடாது. யூரின் டியூப் போட்டிருந்தால் புண் கொஞ்சம் தேறும்வரை இருக்கட்டும், ஆனால் எப்போது எடுப்பது என்று தேதி கேட்டு வாங்குங்கள். மறந்துபோன டியூப் தனி நோய். டியூப் தொடைக்கு அடியில் சிக்கினால் அங்கேயும் புண் வரும், மூக்கில் போட்ட குழாயின் பிளாஸ்டரும் அப்படித்தான்.

அப்படியானால் ஆறுமா? மேல்தோல் மட்டும் போன புண் சில வாரத்தில் மூடும். உங்கள் அப்பத்தாவுடையது அடை எடுத்த பிறகு மூன்றாகவோ நான்காகவோ இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் கணக்கு மாதத்தில். சாப்பிட்டு, எழுந்து உட்கார்ந்து, நடக்கத் தொடங்குபவர்களில் பலருக்கு மூடியதைப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை ஒரே கிழமையில், ஒரே பக்கம் சாய்த்து, காகித அளவுகோலை வைத்துப் படம் எடுத்து நீளம், அகலம் எழுதுங்கள். உங்களுக்குச் சிங்கப்பூருக்கும் அனுப்பலாம். அடை எடுத்த பிறகு இரண்டு வாரமாகியும் அளவு குறையவில்லை என்றால் எங்கோ பாரம் விழுகிறது, அல்லது தொற்று, அல்லது சாப்பாடு போதவில்லை. களிம்பை மாற்றுவதற்கு முன் இதைத் தேடுங்கள். பக்கத்துச் சதையைத் திருப்பி மூடும் ஆபரேஷன் உண்டு, மதுரை ராஜாஜி மருத்துவமனை மாதிரிப் பிளாஸ்டிக் சர்ஜரி உள்ள இடத்தில் செய்வார்கள். 81 வயதில், அதுவும் இப்போதுதான் ஒரு ஆபரேஷன் தாங்கியவருக்கு, அதை முதலில் யோசிக்கமாட்டார்கள். செய்தாலும் பாரம் விழுந்தால் திரும்ப வரும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடம்பு மொத்தமாக ஓய்ந்துகொண்டு வரும்போது தோலும் ஓயும். அப்போது எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சில புண் ஆறாது. நாற்றமும் வலியும் இல்லாமல் வைத்துக்கொள்வதே வைத்தியம். அப்பத்தா அந்த இடத்தில் இல்லை என்றுதான் உங்கள் எழுத்திலிருந்து எனக்குப் படுகிறது, வாக்கர் கேட்டாராமே.

வீட்டில் சமாளிக்கலாம், தனியாக அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே நோய்த்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வருவதற்கு இடம் இருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் காகிதத்தைக் காட்டிப் பெயர் பதியுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே முதல் இரண்டு கட்டை அம்மாவின் கையால், நர்ஸ் பக்கத்தில் நிற்க, மாற்றச் செய்யுங்கள். வேலைக்கு வரும் அந்த அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள், கூடுதல் சம்பளமும் பேசிவிடுங்கள்; பகலில் அம்மாவோடு சேர்ந்து திருப்பப்போவது அவர்தான். (ஆஸ்பத்திரியில் அவர் போன்றவரை ஆயா என்போம். எங்கள் பக்கம் ஆயா என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. ஒரு வெளியூர் நர்ஸ் இங்கே வந்து "ஆயாவக் கூப்பிடுங்க" என்று சொல்ல, நோயாளியின் பேத்தி ஓடிப்போய்ப் பாட்டியையே கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள்.)

கட்டிலை எங்கே போடுவீர்கள் என்று யோசியுங்கள். உள்அறையில் சுவரோரம் போடுவார்கள், அதுதான் வழக்கம். பள்ளத்தூரில் ஒரு ஆச்சி எவ்வளவு திருப்பினாலும் பத்து நிமிஷத்தில் வலப்பக்கமே புரண்டுவிடுவார். மகள், வேலையாள், நான், மூன்று பேரும் அவரைப் பிடிவாதக்காரி என்று முடிவே கட்டிவிட்டோம். ஒரு வாரம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது. "அந்தப் பக்கம் சுவருதானே ஆத்தா இருக்கு, இந்தப் பக்கம்னா முகப்புல யாரு வர்றாகன்னு தெரியும்" என்றார். கட்டிலை வளவுத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம், ஒரு பக்கம் முகப்பு, மறுபக்கம் இரண்டாம் கட்டு அடுப்படி வாசல். இரண்டு பக்கமும் ஆள் நின்று சேலையைப் பிடிக்கவும் இடம் கிடைத்தது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் உங்கள் அப்பத்தாவிடம் கட்டிலை எங்கே போட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அடை எடுத்த பிறகு புண்ணின் நீளம், அகலம், ஆழம், ஹீமோகுளோபின், சர்க்கரை, என்ன ஆபரேஷன் என்ற ஆறையும் எழுதிப் போடுங்கள். அடுத்ததை அதை வைத்துச் சொல்கிறேன்.